பாட்டத்துக்கு ஓர் எண்

ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தென்னை விளையை, அதாவது தோப்பை, அப்பா பாட்டத்துக்கு எடுத்திருந்தார். குத்தகையை எங்கள் பக்கம் பாட்டம் என்போம். தவணை முடியும்வரை காத்திருக்க மாட்டார். பாதி கழிந்ததுமே விளைக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அடுத்த தவணையைப் பேசி முடித்துவிடுவார்.

1999-இல் நாகர்கோவில் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் ஒரு நோட்டைத் தந்தார்கள். எந்த மேசைக்கு எந்த ஐபி எண் என்ற கணக்கு அது. எண், சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கையும் ஒவ்வொரு கணினியிலும் கையால் அடிக்க வேண்டும். எவனாவது பையன் பக்கத்து மேசை எண்ணைப் போட்டுவிட்டால் இரண்டு திரையிலும் எச்சரிக்கைப் பெட்டி குதிக்கும். "சாரே, நெட்டு வரல்ல" என்ற குரல் கேட்டதும் நோட்டோடு ஓடுவேன்.

இந்த ஓட்டத்துக்கு மருந்து முன்பே பிறந்திருந்தது. 1985-இல் வந்த பூட்பி என்ற நெறிமுறை, நெட்வொர்க் அட்டையின் அடையாளத்தைப் பார்த்து எண் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க அதற்கு வழியில்லை. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதி 1993 அக்டோபரில் வெளியான டிஹெச்சிபி, எண்ணுக்குத் தவணை வைத்தது. 1997 மார்ச்சில் அது செப்பமான வடிவம் பெற்றது.

அந்தத் தவணைக்கு ஆங்கிலத்தில் 'லீஸ்' என்று பெயர். படித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம பாட்டம்! கணினி விழித்ததும் "எண் தர ஆள் உண்டா?" என்று வலையெங்கும் கூவும். சர்வர் ஓர் எண்ணை நீட்டும். "அதையே எடுக்கிறேன்" என்று கணினி சொன்னால் சர்வர் உறுதி செய்யும். பாதித் தவணை கழிந்ததும் கணினியே போய்ப் புதுப்பிக்கக் கேட்கும், அப்பாவைப் போலவே. கேட்காமல் தவணை போனால் எண் அடுத்தவருக்கு.

ஒரு கோடை விடுமுறையில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, எட்டு மணி நேரத் தவணையில் எண்களைப் பாட்டத்துக்கு விட்டேன். நோட்டு அலமாரிக்குப் போனது. பிறகு யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய சின்ன ரவுட்டரும் எண் கொடுக்கத் தொடங்கி, பாதி ஆய்வகம் திசை தப்பியது. ஒரே விளைக்கு இரண்டு பேர் பாட்டச்சீட்டு எழுதிய கதைதான்.

பிரிண்டருக்கு மட்டும் எண் மாறக் கூடாது. அதன் அட்டையைக் குறித்து நிரந்தரமாக ஒன்றை ஒதுக்கினேன். 1865-இல் திருவிதாங்கூர் அரசு, பண்டாரப்பாட்டம் எனப்பட்ட அரசுக் குத்தகை நிலங்களை, அனுபவித்துவந்த குடிகளுக்கே உரிமையாக்கியது. எங்கள் ஆய்வகத்தில் அந்த யோகம் பிரிண்டருக்கு. அப்பாவுக்கு அந்த விளை கடைசிவரை பாட்டம்தான்.