கைப்பிரதியின் விலாசம்

நம்மிடையே விஞ்ஞான சரித்திரம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் மேதைகளின் சரித்திரமாகவே இருக்கிறது. வறுமை, திடீர் ஞானம், வெள்ளைக்காரர் ஒருவரின் அங்கீகாரம், அகால மரணம். இந்த நான்கும் கிடைத்துவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். இவற்றுக்கு நடுவே ஒரு காரியம் நடந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் அதைத் தாளில் எழுதினார், பிரதி எடுத்தார், உறையில் போட்டு ஒரு பத்திரிகையின் விலாசத்தை எழுதித் தபாலில் சேர்த்தார். எந்தப் பத்திரிகை, ஏன் அது, அங்கே அதை யார் படித்தார்கள் என்பதெல்லாம் நம் கட்டுரையாளர்களுக்கு அற்ப விஷயங்கள். சிற்றேடுகளோடு உறவுள்ளவர்களுக்கு இவை அற்பமாகத் தோன்ற நியாயமில்லை. சில நூறு பேர் படிக்கும் ஏட்டுக்குத் தன் ஆகச் சிறந்ததை அனுப்புகிறவன் எதை நம்பி அனுப்புகிறான்? இந்தக் கேள்விக்கு 1930களில் சிதம்பரத்திலிருந்து ஒருவர் காரியத்தில் பதில் சொல்லியிருக்கிறார். எஸ். எஸ். பிள்ளை என்று கணித உலகம் அறிந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1901இல் தென்காசிப் பக்கம் வல்லம் என்ற ஊரில் பிறந்தவர். குழந்தையிலேயே தாயை இழந்தார், பள்ளிப்படிப்பு முடியுமுன் தகப்பனாரையும். ஆசிரியர் ஒருவரின் ஆதரவில் படிப்பு தொடர்ந்தது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசுவாமி ஆகியோரோடு ஆராய்ச்சி. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அந்த வருஷமே அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை இருந்தார். அவருடைய முக்கியமான வேலையெல்லாம் இந்தப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் அடங்கியது.

இந்த வேலையை அவர் எங்கே அச்சிட்டார் என்று பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. லண்டன் கதவு அவருக்கு மூடியிருக்கவில்லை. எஸ். சௌலாவோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று 1930இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் வந்திருக்கிறது. ஆனால் பெரிய காரியங்களை அவர் அனுப்பியது இந்தியக் கணிதக் கழகத்தின் ஏட்டுக்கும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஏட்டுக்கும், பெங்களூரில் ராமன் 1934இல் தொடங்கிய விஞ்ஞான அகாடமியின் ஏட்டுக்கும்தான்.

இந்தியக் கணிதக் கழகத்தின் கதையில் எங்கள் ஜில்லாவுக்கு ஒரு பங்கு உண்டு. அதைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயர் பல்கலைக்கழகத்துக்காரர் அல்ல, ரெவினியூ இலாகாவில் டெபுடி கலெக்டர். கூத்தியில் இருந்தபோது, கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் என்று தோன்றியவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கணித ஏடுகளைத் தனித்தனியாக யாராலும் வாங்க முடியாது, சேர்ந்து வாங்கித் தபாலில் சுற்றுக்கு விடலாம் என்பது யோசனை. அப்படிப் பிறந்த சங்கம் 1909இல் சொந்த ஏடு தொடங்கியது. 1910இல் ராமசுவாமி ஐயர் திருக்கோவலூரில் இருந்தார். அது அப்போது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு ஜில்லாவின் தாலுகா. அங்கேதான் ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகங்களோடு அவரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். நோட்டைப் பார்த்த ஐயர், தாலுகாக் கச்சேரியில் கடைசிப்படியில் இந்த ஆளை உட்காரவைக்க மனமில்லாமல், சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெர்னூலி எண்கள் பற்றிய ராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் அந்த ஏட்டில் வந்தது. அச்சேறுமுன் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். அனுப்பியவருக்குப் பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை. அவர் எழுதியதில் படிகள் விட்டுப்போயிருந்தன, நடை ஒரேயடியாகச் சுருங்கியிருந்தது. ஒதுக்கியிருக்கலாம், அல்லது பரிதாபப்பட்டு அப்படியே போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் ஒரு ஆசிரியர் மூன்று முறை உட்கார்ந்து படித்திருக்கிறார். ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். அதற்கு முன்பே, தான் கண்டதைப் பிறர் தொடர்ந்து வரும்படி எழுதவேண்டும் என்ற பாடம் பெங்களூரிலிருந்து தபாலில் வந்தாயிற்று. ஒரு சிறு ஏடு செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளையின் காலத்தில் இந்த ஏடு இன்னும் இறுகியிருந்தது. 1930களின் முற்பாதியில் அதை ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, மாணவருக்கும் ஆசிரியருக்குமான விஷயங்களுக்கு வேறொரு காலாண்டிதழ் தொடங்கினார்கள். 1933இல் வெளிவந்த அதன் ஆசிரியர் அ. நரசிங்க ராவ், அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். ஆக, தேசம் முழுவதற்குமான கணித இதழ் ஒன்று சிதம்பரத்து ஆசிரியரின் பொறுப்பில் இருந்தது. பிள்ளை அனுப்பிய இடங்களை மூலை என்று சொல்லுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1770இல் எட்வர்ட் வேரிங் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிரூபணமில்லாமல் ஒன்றைச் சொல்லிவைத்தார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், கனங்களானால் ஒன்பது போதும், நான்காம் அடுக்கானால் பத்தொன்பது, இப்படியே மேலே. 23 என்ற எண்ணைப் பாருங்கள். 27க்கு உட்பட்ட கனங்கள் 1, 8 என்ற இரண்டுதான். இரண்டு எட்டுகள் போட்டால் பதினாறு, மிச்சத்துக்கு ஏழு ஒன்றுகள். மொத்தம் ஒன்பது, குறைக்க வழியில்லை. ஆறாம் அடுக்கில் இதே சங்கடம் 703இல் வருகிறது. பத்து அறுபத்துநான்குகள், அறுபத்துமூன்று ஒன்றுகள், ஆக எழுபத்துமூன்று. குறைந்தது இத்தனை வேண்டும் என்பதைப் பள்ளிப் பையனும் காட்டிவிடுவான். எத்தனை பெரிய எண்ணுக்கும் இத்தனையே போதும் என்பதைக் காட்டுவதுதான் பாடு. ஏதோ ஒரு எண்ணிக்கை போதும் என்பதையே 1909இல்தான் ஹில்பர்ட்டால் நிரூபிக்க முடிந்தது. 1930களில் ரஷ்யாவின் வினோகிராதோவ், மிகப்பெரிய எண்களைக் கையாளப் புதிய முறைகள் தந்தார். அந்த ‘மிகப்பெரிய’ எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட்டு, அங்கிருந்து சிறிய எண்கள் வரை இடைவெளியில்லாமல் அடைக்கும் வேலை பாக்கி நின்றது.

அதைச் சிகாகோவில் எல். ஈ. டிக்சனும் சிதம்பரத்தில் பிள்ளையும் ஒருவர் துணை ஒருவருக்கில்லாமல் செய்தார்கள். இருவரின் கட்டுரைகளும் 1936இல் அச்சாயின. டிக்சனுடையது அமெரிக்காவின் மூத்த கணித ஏட்டில். பிள்ளையுடையது இந்தியக் கணிதக் கழகத்தின் ஏட்டிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஏட்டிலும். ஏழாம் அடுக்கு முதல் மேலே போகும் இந்தச் சூத்திரம் இன்று இருவர் பெயரிலும் வழங்குகிறது. டிக்சனுக்குப் பிடிகொடுக்காத ஆறாம் அடுக்கைப் பிள்ளை தனியாக வென்றார். 73 என்ற விடை 1940இல் பெங்களூர் ஏட்டில் வந்தது. ஐந்தாம் அடுக்கை 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். நான்காம் அடுக்கு 1986இல் முடிந்தபோது, முடித்த மூவரில் ஒருவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன்.

டிக்சன் பெயர் உலகம் முழுக்க உடனே தெரிந்தது, பிள்ளையினுடையது மெள்ளத்தான் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு, பிள்ளை லண்டனுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று முடிப்பது சுலபம். எனக்கு அது சம்மதமில்லை. காரணம் ராமன். 1928 மார்ச்சில் ராமன் தன் புதிய கதிர்வீச்சைப் பற்றிய முழு விளக்கத்தைக் கல்கத்தாவிலிருந்து வந்த, தானே நிறுவிய, இந்திய ஏட்டில்தான் அச்சிட்டார். ஆனால் அதற்கு முன்பே, பிப்ரவரி 29ஆம் தேதியே, செய்தி நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தாயிற்று. லண்டனுக்குச் சிறு குறிப்பு போயிற்று. கட்டுரையை அவசரமாக அச்சடித்து, பிரதிகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த விஞ்ஞானிகளுக்கெல்லாம் அனுப்பினார். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மண்டல்ஸ்டாமும் ஏறக்குறைய அதே நாட்களில் அதே விளைவைப் படிகத்தில் பார்த்திருந்தார்கள். பிரசுரத்தில் பின்தங்கினார்கள். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. ஆகவே உள்நாட்டு ஏட்டில் அச்சானது பாதகமில்லை. அச்சானது படிக்கவேண்டியவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. நம் ஏடுகள் அச்சோடு தம் கடமை முடிந்ததாக நினைக்கின்றன. பிள்ளையின் நாளிலும் அப்படித்தான், இலக்கியத்தில் இன்றும் அப்படித்தான்.

கடலூரில் ஒரு சிறு அச்சகத்தில், ஈய எழுத்துக் காலத்தில், சில வருஷங்கள் நான் ப்ரூஃப் பார்த்தவன். அந்தப் பழக்கத்தால் பிள்ளையின் கட்டுரைகளை அச்சாகப் பார்க்கும்போது, கைப்பிரதிக்குப் பின்னாலிருந்த உழைப்பு என் கண்ணுக்குப் படுகிறது. கணிதம் கோப்பது கம்பாஸிட்டருக்குத் தண்டனை. ஒரு எழுத்தின் தோளில் சின்ன எழுத்து, அதன் தோளில் அதைவிடச் சின்னது. கோடு போட்டு மேலும் கீழும் எண்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, இடைவெளிக்கு ஈயத்துண்டு செருகி நிறுத்தவேண்டும். அடுக்குக்குறி ஒரு மயிரிழை கீழே இறங்கினால் அது பெருக்கலாகிவிடும், நிரூபணம் பொய்யாகிவிடும். எழுதுகிறவர் ஒவ்வொரு குறியையும் ஐயத்துக்கு இடமில்லாமல் கையால் போட்டுத் தரவேண்டும். கணிதம் தெரியாத ஒருவர் கோத்ததில் தன் நிரூபணம் சேதமாகாமல் வந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்கவேண்டும். இவற்றையெல்லாம் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் ஒருவரும் செய்யமாட்டார்கள். பிள்ளை பன்னிரண்டு வருஷம் செய்தார்.

படிக்கிறவர்களும் இல்லாமல் போகவில்லை. அடுத்தடுத்து வரும் எண்களைப் பதினாறோ அதற்குக் குறைவாகவோ எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது மற்ற எதனோடும் பொதுக்காரணி இல்லாமல் நிற்கும் என்று அவர் நிரூபித்தார். பதினேழு எடுத்தால் இது தவறிவிடும். 2184 முதல் 2200 வரை பார்த்தால் தெரியும். 1940இல் பெங்களூர் ஏட்டில் வந்த இதை அமெரிக்காவிலிருந்த ஆல்ஃபிரட் பிரௌவர் எடுத்துக்கொண்டு, பதினேழுக்கு மேல் எந்த எண்ணிக்கைக்கும் இது தவறும் என்று 1941இல் முடித்துவைத்தார். ஒரே வருஷம்தான். ஒரு நல்ல வாசகன் போதும் என்று சிற்றேட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருவனைத் தற்செயலுக்கு விட்டுவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

1941இல் திருவனந்தபுரம், அடுத்த வருஷம் கல்கத்தா என்று பிள்ளை போனார். 1950இல் பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் தங்க அழைப்பு வந்தது. அதே பயணத்தில் ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் போவதாக ஏற்பாடு. ஆகஸ்ட் 31ஆம் தேதி அவர் போன விமானம் எகிப்தில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். கட்டுரைகள் பல ஏடுகளில் சிதறிக் கிடந்தன. பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் பதிப்பித்து அவை இரண்டு தொகுதிகளாக வந்தது 2010இல். இடையில் அறுபது வருஷங்கள். அமெரிக்கா அவரை மறந்தது என்று குறைசொல்லுகிற நமக்கு, நாமே தொகுக்க அறுபது வருஷம் பிடித்தது உறைக்கவேண்டும்.

இன்று கைப்பிரதி தபாலில் போவதில்லை. கணினியில் ஏற்றினால் அரைமணியில் ரசீது வருகிறது. பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்கு வந்தபின், பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஏடுகள் பெருகின. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கவேண்டி வந்தது. இவற்றிலும் விலாசம் இருக்கிறது, ஆசிரியர் குழு இருக்கிறது, தேதி இருக்கிறது. நாராயண ஐயங்காரைப் போல மூன்றுமுறை திருப்பி அனுப்புகிற ஆள் மட்டும் இல்லை. ஒரு ஏடு சிறியதா பெரியதா, லண்டனில் இருக்கிறதா சிதம்பரத்தில் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, அனுப்பியதை அங்கே ஒருவர் உட்கார்ந்து படிக்கிறாரா, அச்சானபின் அதை இன்னொருவர் கையில் சேர்க்கிறாரா என்று நாம் கேட்கலாம். கணித ஏடுகளைக் கேட்டுவிட்டு, நம் ஏடுகளையும் கேட்கவேண்டும்.