ஸ்பானிங் ட்ரீ

இத்தொடரின் பிற்பகுதியான 'ட்ரீ' என்னும் சொல், 1857-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித மேதை ஆர்தர் கேய்லி எடுத்தாண்டது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாய் அமைந்து, போன கோட்டிலேயே திரும்பினாலன்றிப் புறப்பட்ட புள்ளியை மீண்டும் அடைய இயலாத உருவமே கணித சாஸ்திரத்தில் மரம் எனப்படும். 'ஸ்பானிங்' என்பது ஒரு புள்ளியையும் விடாமல் அனைத்தையும் அளாவி நிற்றல். பத்துப் புள்ளிகளுக்கு ஒன்பது கோடுகள் போதும்.

இதனை 1985-இல் கணினி வலையமைப்புக்குக் கொண்டுவந்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றொன்று உதவட்டும் என்று சுவிட்சுகளுக்கிடையே இரட்டை இணைப்புக் கொடுத்த இடத்தில், ஆயுள் வரம்பற்ற ஈதர்நெட் ஃப்ரேம்கள் முடிவின்றிச் சுழன்று பெருகி வலையமைப்பு முழுவதையும் ஸ்தம்பிக்கச் செய்யுமாதலால், சுவிட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, மிகக் குறைந்த அடையாள எண் உடையதை 'ரூட்' ஆகக் கொண்டு, மிகையான போர்ட்டுகளை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட போர்ட் உறங்குவதில்லை என்பதே இதன் பேரழகு. 2 விநாடிக்கு ஒருமுறை வரும் செய்தியைக் கேட்டபடியே அது காத்திருக்கிறது.

சுவிட்சின் அடையாள எண் என்பது முன்னுரிமை எண்ணும் மாக் முகவரியும் சேர்ந்தது; முன்னுரிமை எண்ணை எல்லாவற்றிலும் 32768 என்றே விட்டுவைத்தால், மாக் முகவரி சிறியதாக வாய்த்த ஏதோ ஒரு பழைய சுவிட்ச் ரூட் ஆகிவிடக்கூடும். எனவே மைய சுவிட்சுக்கு 4096 என்று இட்டு, ரூட் மாறியதா என்று அவ்வப்போது பார்த்துவருவது நிர்வாகியின் கடமை.