நானூறு வருஷத்து உடுப்பு

ஃபேண்டம் படக்கதையை எழுதிய லீ ஃபாக், நாயகனின் உடுப்புக்கு மனதில் வைத்திருந்தது சாம்பல் நிறம். 'சாம்பல் பேய்' என்றே தன் நாயகனுக்குப் பெயர் வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். 1936 பிப்ரவரி 17 அன்று ரே மூரின் ஓவியத்தோடு ஃபேண்டம் தொடர் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியபோது நிறச் சிக்கல் எழவில்லை. நாளிதழ்ப் படக்கதைக்குக் கறுப்பும் வெள்ளையும் போதும். 1939 மே மாதம் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் ஆரம்பமானது. அதில் உடுப்பு ஊதாவாக அச்சாகி வந்தது. எழுதியவர் நினைத்தது ஒன்று, மை தீர்மானித்தது வேறு. அமெரிக்காவில் பிறகு யாரும் அதை மாற்றவில்லை.

சூப்பர்மேன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, உடம்போடு ஒட்டிய உடையும் முகமூடியுமாக நின்றவர் இவர். தலையையும் சேர்த்து மூடும் துணி, இடுப்பில் சாய்கோடு போட்ட குட்டைக் கால்சட்டை, மண்டையோடு பதித்த பெல்ட், இரண்டு கைத்துப்பாக்கி, விரலில் மண்டையோட்டு மோதிரம். அடி வாங்கியவன் தாடையில் அந்த மோதிரத்தின் தடம் ஆயுசுக்கும் அழியாது. முகமூடிக்குள்ளே கண் இருக்கும், கருவிழி இருக்காது; வெறும் வெள்ளை. பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்து அப்படி வரையச் சொன்னதாக ஃபாக் சொல்லியிருக்கிறார்.

பறக்கும் சக்தி, இரும்பு உடம்பு எதுவும் இவருக்குக் கிடையாது. சாகாவரம் பெற்றவர் என்ற பேச்சு மட்டும் உண்டு. 1536-இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கிய ஒருவன், அந்தக் கொலைகாரனின் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்கிறான். அவனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று அதே உடுப்பை மாட்டிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நானூறு வருஷமாக ஒரே ஆள். நாம் படித்தது இருபத்தோராவது ஆளின் கதை.

கடல் தாண்டிய இடமெல்லாம் உடுப்பு நிறம் மாறியது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியிலும் துருக்கியிலும் சிவப்பு. இந்தியாவுக்கு முதலில் ஆங்கில வார இதழான இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி வழியாக வந்தது. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே ஃபேண்டம்தான். கதை, அந்த பெல்ட்டைப் பற்றியது. அப்பாவைக் கொன்றவன் அவர் இடுப்பிலிருந்து கழற்றிக்கொண்டு போன பெல்ட்டை மகன் தேடிப் போகிறான். பம்பாய் அச்சகத்தில் உடை முதலில் நீலமாக இருந்து, பிறகு ஊதாவானது. கதைக்குள்ளும் கத்திரி போட்டார்கள். மூலத்தில் இருந்த பெங்காலி 'டெங்காலி' ஆனது, சிங் கொள்ளையர் 'சிங்கா' ஆனார்கள், கொலைகாரன் ராமா 'ராமலு' ஆனான். இந்திய வாசகன் முகம் சுளிக்கக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. இந்திரஜால் 1990 வரை வந்தது, தமிழிலும் வந்தது.

ஆனால் மதுரைப் பக்கத்துப் பையன்களுக்கு இந்த உடுப்பை நெருக்கமாக்கியது பம்பாய் அல்ல, சிவகாசி. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடித்த அந்த ஊரில் 1972-இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். இரும்புக்கை மாயாவிதான் முதல் நாயகன் என்றாலும், பின்னாலேயே வந்த வரிசையில் மாண்ட்ரேக், ரிப் கிர்பியோடு ஃபேண்டமும் வேதாளராக வந்து சேர்ந்தார். 1984-இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. அங்கே அவருக்கு மாயாவி என்று பெயர். ஒரே ஆள் இரண்டு பெயரில் ஒரே கடையில் தொங்கியதில் யாருக்கும் குழப்பமில்லை.

அந்தக் காலத்து இதழ்களில் அட்டை வண்ணமாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நியூஸ்பிரின்ட் தாளில் மை கொஞ்சம் பரவி, உடம்பின் நிழல் பக்கம் மொத்தையாக அப்பியிருக்கும். இடுப்புக் கால்சட்டையின் கோடுகள் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். தூரத்துக் காட்சியில் புதருக்குள் ஓடுகிற ஆள் யாரென்று அதை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். நிறம் வாசகன் பாடு. வாடகை நூலகத்திலிருந்து வந்த இதழில் முந்தைய ஆள் ஸ்கெட்ச் பேனாவால் பச்சை அடித்து வைத்திருந்தால், அடுத்தவனுக்கு வேதாளர் பச்சைதான்.

உடுப்பின் நிறத்துக்காக ஒரு ஊரே காத்துக்கிடப்பது மதுரைக்குப் புதிதல்ல. சித்திரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் கள்ளழகர் எந்தப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதில்தான் அந்த வருஷத்துப் பலனே இருக்கிறது என்பார்கள். பச்சை என்றால் நாடு செழிக்கும். அழகர் அன்று கள்ளர் வேடத்தில் வருகிறார். அவரை எதிர்கொள்ளத் திரியெடுத்து ஆடுகிறவர்களும், ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் போடும் உடுப்பை, மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் எதிரே புதுமண்டபத்துத் தையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்தார்கள். கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வெல்வெட்டில் சல்லடம், கச்சை, தலைக்கு உருமால், ஓரமெல்லாம் ஜிகினா. அப்பா நேர்ந்துகொண்டு ஆடியதை, அவருக்கு முடியாமல் போன வருஷம் மகன் கட்டிக்கொண்டு ஆடுவான். கூட்டத்தில் யாரும் "இது யார் மகன்?" என்று கேட்பதில்லை, உடுப்பைப் பார்த்துக் கையெடுப்பார்கள். இப்படி ஒரு ஊரில் வளர்ந்தவனுக்கு, ஆள் செத்தாலும் வேதாளர் சாவதில்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சினிமாக்காரர்களுக்குத்தான் இது பிடிபடச் சிரமமாக இருந்தது. நட்சத்திரத்தின் முகத்தை விற்கிற தொழிலில், முகத்தை மறைத்து உடுப்பை விற்க வேண்டும்.

1943-இல் கொலம்பியா நிறுவனம் பதினைந்து அத்தியாயத் தொடர்படமாக எடுத்தது. நாயகன் டாம் டைலர், பளுதூக்கும் சாம்பியனாக இருந்தவர். உடம்பைப் பார்த்தால் ரே மூரின் கோட்டிலிருந்து எழுந்து வந்தவர் போலவே இருப்பார்; கால்சட்டையின் கோடுகள்கூட அப்படியே. படக்கதையில் வரும் டெவில் என்ற ஓநாய்க்குப் பதிலாக ஏஸ் என்ற நாய். படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறத் தகராறு இல்லை. செலவு குறைவு, காடு ஸ்டுடியோக் காடு. ஆனாலும் முக்கியமான ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பழைய வேதாளர் கொல்லப்பட்டு, மகன் உடுப்பை ஏற்பதிலிருந்துதான் கதை தொடங்குகிறது. எதிரிகள் செத்தவனை மறுபடி பார்த்து மிரளும்போது பார்வையாளனுக்கு மட்டும் ரகசியம் தெரியும். படக்கதையின் மொத்த ருசியும் அந்த இடத்தில்தான்.

1955-இல் அதே நிறுவனம் தொடர்ச்சி எடுக்க இறங்கியது. படப்பிடிப்பு நடக்கும்போதுதான் உரிமை கையில் இல்லை என்று தெரிந்தது. அவசர அவசரமாகக் கதையையும் உடையையும் பெயரையும் மாற்றி 'கேப்டன் ஆப்பிரிக்கா' என்று வெளியிட்டார்கள். பழைய தொடரின் காட்சிகளையும் வெட்டி ஒட்டினார்கள். ஆளும் காடும் இருந்தும், உடுப்பு இல்லாததால் அது யாருடைய கதையும் ஆகவில்லை. 1968-இல் துருக்கியில், உரிமை பற்றிய கவலையெல்லாம் இல்லாமல், 'சிவப்பு முகமூடி' என்ற பொருள்படும் பெயரில் அவர்கள் பங்குக்குப் படம் எடுத்தார்கள்.

பெரிய முதலோடு பாராமவுண்ட் வந்தது 1996-இல்தான். சைமன் வின்சர் இயக்கம், பில்லி ஜேன் நாயகன், தாய்லாந்துக் காடு. முதன்முறையாகத் திரையில் அசல் ஊதா. கோடுபோட்ட கால்சட்டையை எடுத்துவிட்டு, துணி முழுக்கப் பச்சை குத்தியது போன்ற நெளிவுகளைப் பதித்தார்கள். பேட்மேன் படங்களில் ரப்பர் தசை வைத்த கவசம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பில்லி ஜேன் மாதக்கணக்கில் உடம்பேற்றி, திணிப்பு இல்லாமல் அந்தத் துணிக்குள் நின்றார். வெள்ளைக் கண்ணைக் கைவிட்டார்கள். நடிகரின் சொந்தக் கண் முகமூடிக்குள்ளிருந்து சிரிக்கிறது. படக்கதையில் அச்சமூட்டிய முகம் திரையில் தோழமையாகிவிட்டது.

ஆனால் இந்தப் படத்தில்தான் அப்பா வருகிறார். பாட்ரிக் மெக்கூஹன் நடித்த இருபதாவது வேதாளர், செத்த பிறகும் மகனுக்கு மட்டும் தெரிகிற உருவமாக வந்து உட்கார்ந்து குறை சொல்கிறார், கிண்டலடிக்கிறார். அவரைக் கொன்றவன் அந்த பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறான். இந்திரஜால் முதல் இதழைப் படித்தவர்கள் அந்த பெல்ட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். சுமார் நாலரைக் கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் இரண்டு கோடியைக்கூடத் தொடவில்லை. ஜூன் மாதப் படங்களின் கூட்டத்தில் ஊதா உடுப்புக்காரர் பழைய காலத்து ஆளாகத் தெரிந்தார். படம் மோசமில்லை, காலம் தப்பி வந்தது.

அந்தத் தோல்வியிலிருந்து தவறான பாடம் படித்தவர்கள் 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த குறுந்தொடரை எடுத்தவர்கள். ரையன் கார்ன்ஸ் நாயகன். வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் சட்டக் கல்லூரி மாணவனுக்கு, தான் இருபத்திரண்டாவது வாரிசு என்று தெரியவருகிறது. கதைக்கு நல்ல முளை. ஆனால் ஊதாவைக் கண்டு கூச்சப்பட்டு, உடுப்பையே தொழில்நுட்பக் கவசமாக்கிவிட்டார்கள். போட்டவனுக்கு அது பலம் கூட்டுகிறதாம். வேதாளரின் உடுப்பு யாருக்கும் பலம் தராது. பலம் இருக்கிறது என்று மற்றவர்களை நம்பவைக்கும், அவ்வளவுதான். அதை இயந்திரமாக மாற்றியதும் வாரிசு என்ற பேச்சுக்கே அர்த்தமில்லாமல் போய்விட்டது. கடையில் வாங்கக்கூடிய பொருளுக்கு வாரிசு எதற்கு?

தமிழ்த் திரையில் வேதாளர் நேரடியாக வரவில்லை. ஆனால் அந்த உடுப்பின் தர்க்கம் வேறு வாசல் வழியாக வந்தது. 2009-இல் 'கந்தசாமி'யில் விக்ரம் சேவல் வேடம் போட்டு, திருப்போரூர் முருகனிடம் மக்கள் கட்டிவைத்த வேண்டுதல் சீட்டுகளை நிறைவேற்றினார். சாமி செய்ததாக ஊர் நம்பியது. 2012-இல் மிஷ்கினின் 'முகமூடி' ஜீவாவுக்கு மேற்கத்திய பாணியில் கவசம் மாட்டியது. உடை கனமாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பரம்பரையோ ஒரு ஊரின் நம்பிக்கையோ இல்லாததால் மனதில் கனக்கவில்லை. 2023-இல் வந்த 'வீரன்' சரியான இடத்தைத் தொட்டது. மின்னல் தாக்கிச் சக்தி பெற்ற இளைஞன் தனக்கென்று பெயர் தேடவில்லை. ஊர் மறக்கத் தொடங்கிய காவல் தெய்வத்தின் வேடத்தில் குதிரையேறி வருகிறான். புகழ் சாமிக்குப் போகிறது, வேலை இவனுக்கு. படம் பிற்பாதியில் தடுமாறினாலும் இந்த ஏற்பாடு வேதாளருடையதுதான்.

இத்தனை வடிவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த நடிகர் பொருத்தம் என்ற விவாதம் வீண் என்று படுகிறது. டாம் டைலருக்குப் பொருந்தியது பில்லி ஜேனுக்கும் பொருந்தியது. நாளைக்கு இன்னொருவருக்கும் பொருந்தும், ஏனென்றால் கதையே அப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது. நிறம் மாறலாம், கோடு போகலாம், வெள்ளைக் கண்ணுக்குப் பதில் மனிதக் கண் வரலாம். அப்பாவிடமிருந்து மகன் வாங்கிக்கொள்ளும் காட்சியைக் கூச்சமில்லாமல் எடுக்கத் தெரிந்தவர்களிடம் வேதாளர் பிழைத்தார். உடுப்பைப் பார்த்து வெட்கப்பட்டவர்களிடம் அவர் வெறும் சண்டைக்காரர் ஆனார். அடுத்து யார் எடுக்க வந்தாலும் நான் முதலில் பார்க்கப்போவது அந்த ஒரு காட்சியைத்தான்.