டி.என்.ஏ-வில் பிடிக்கும் 'துரு'... கண்ணால் பார்ப்பது எப்படி?

இரும்பு துருப்பிடிக்கும், தெரியும். உங்க டி.என்.ஏ-வும் ஒருவகையில துருப்பிடிக்கும்னு தெரியுமா?

நாம சுவாசிக்கும் ஆக்சிஜன்ல இருந்தே செல்லுக்குள்ள ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகுது. சிகரெட் புகை, கதிர்வீச்சு சேர்ந்தா இன்னும் அதிகம். இவை டி.என்.ஏ-வின் குவானைனை '8-ஆக்ஸோகுவானைன்' ஆக மாத்திடும். செல் இதைச் சரிசெய்யாம விட்டா மரபணுப் பிழை; அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம்.

இதை எப்படிப் பார்க்கிறாங்க?

காமெட் சோதனை: செல்களை அகரோஸ் ஜெல்லில் பதித்து, அவற்றின் சவ்வைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சுவாங்க. உடைந்த டி.என்.ஏ இழுபட்டு, ஒளிரும் சாயத்தில் வால்நட்சத்திரம் மாதிரி தெரியும். எஃப்.பி.ஜி என்ற என்சைம் சேர்த்தால் 'துரு' பிடித்த இடங்களும் வெட்டுப்படும். கூடுதலா நீளும் வால்தான் துருவின் கணக்கு.

ஆன்டிபாடி சாயம்: திசுவை மெல்லிசா சீவி, பாதிப்பில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் பூசினால், எந்தச் செல்லில் சேதம்னு மைக்ரோஸ்கோப்ல தெரிஞ்சிடும்.

மைக்ரோநியூக்ளியஸ்: உடைந்த குரோமோசோம் துண்டு, செல் பிரியும்போது குட்டி உட்கருவா தனியே நிற்கும். அதை எண்ணுவாங்க.

நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2006-ல் இந்தக் கடைசி முறையைப் பயன்படுத்தினாங்க. மஞ்சளில் உள்ள குர்குமினைச் சேர்த்த மனித ரத்த வெள்ளணுக்களில், காமா கதிர்வீச்சின் சேதம் குறைவா இருந்துச்சு.

உடனே மாத்திரை ஆர்டர் போடாதீங்க! அது ஆய்வகத்தில் வளர்த்த செல். உங்க உடம்பு வேற. 1994-ல் வெளியான பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட சிகரெட் பழக்கமுள்ள ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18% கூடுச்சு.

குழம்புல மஞ்சள் இருக்கட்டும். முதல்ல சிகரெட்டைத் தூக்கிப் போடுங்க!