தைக்காடு, 1920: சிசேரியனும் பிரிக்கப்பட்ட முதல் மணிநேரமும்

1920-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் மேரி புன்னன் லூக்கோஸ் செய்த அறுவை மகப்பேறே கேரளத்தின் முதல் சிசேரியன் என்று மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படுகிறது. அதைப் பற்றி எழுதுவோர் அறுவையாளரின் துணிவைப் பேசுவர்; அவர் முதல் பெண்ணாக அமர்ந்த பதவிகளை அடுக்குவர். இரண்டும் நியாயமே. ஆனால் சிசேரியனோடு திருவிதாங்கூருக்குள் வந்த இன்னொரு வழக்கம் அதிகம் கவனிக்கப்படவில்லை. ஈன்றவள் ஓரிடத்தில் கிடக்க, குழவி தன் முதல் மணிநேரத்தை வேறொருவர் கையில், வேறொரு மேசையில் கழிக்கும் வழக்கம் அது. அதற்கு ஆணையோ கொள்கையோ எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. அறுவையின் நிழலாக வந்தது. அறுவை மாறிய பிறகும் தங்கிவிட்டது.

சிசேரியன் என்ற சொல்லை ஜூலியஸ் சீசரின் பிறப்போடு இணைக்கும் கதை நம்பத்தக்கதன்று. சீசரின் தாய் அவுரேலியா மகன் வளர்ந்து படை நடத்திய காலம் வரை வாழ்ந்தவர். அந்நாளில் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பட்ட தாய் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. அறுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியே சொல்லின் மூலம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. கருவுற்ற நிலையில் இறந்தவளைப் புதைப்பதற்கு முன் சிசுவை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பழைய ரோமானியச் சட்டம் ஒன்று விதித்தது. ஆக, இந்த அறுவை முதலில் பிணத்தின்மீது செய்யப்பட்டது. தாயிடம் குழந்தையைத் திரும்பக் கொடுப்பது என்ற கேள்வியே அதில் எழவில்லை. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை நிலைநிறுத்திய பிறகே தாய் பிழைப்பது எதிர்பார்க்கத்தக்க ஒன்றாயிற்று. தைக்காட்டு அறுவைக்கும் அதற்கும் இடையே 38 ஆண்டுகளே.

மேரி புன்னன் லூக்கோஸ் 1886-இல் பிறந்தவர். தந்தை டி. இ. புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி, அரண்மனை மருத்துவர். பெண் என்பதால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் டப்ளின் ரோட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்றியலும் பயின்று 1916-இல் ஊர் திரும்பித் தைக்காட்டில் பொறுப்பேற்றார். 1938-இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனைக்கும் அவர் முயற்சியே அடிப்படை. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூருக்குள் இருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இந்த வரலாறு மலையாளிகளுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

அவர் செய்தவற்றுள் சிசேரியனுக்கு நிகராக வைக்கத்தக்கது, பரம்பரை மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கு அவர் தொடங்கிய மகப்பேற்றுப் பயிற்சி. தமிழில் மருத்துவச்சி, மலையாளத்தில் வயற்றாட்டி, தென் திருவிதாங்கூரில் பதிச்சி. பொதுமக்கள் நம்பியது இவர்களைத்தான். இவர்களைப் பகைத்துக்கொண்டு மருத்துவமனையை வளர்க்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பதிச்சியின் கையில் நடந்த வீட்டுப் பேற்றை இன்று சிலர் பொற்காலமாக வரைகின்றனர். அதற்கு ஆதாரமில்லை. சீம்பாலைக் கறந்து கொட்டுவது, பிறந்த உடனே குளிப்பாட்டுவது, தாய்ப்பாலுக்கு முன் சேனை வைப்பது ஆகியவை தென்னிந்தியாவில் பரவலாக இருந்தன. இவை மூன்றும் குழந்தைக்குக் கேடே. தடைப்பட்ட பேற்றில் தாயும் சேயும் சேர்ந்தே மாண்டனர். ஆனால் ஒரு செய்தி கருதத்தக்கது. பேற்றுத் தீட்டு தாயையும் பிள்ளையையும் ஊரிலிருந்து விலக்கியது. ஒருவரிடமிருந்து ஒருவரை விலக்கவில்லை. இருவரும் ஒரே பாயில், ஒரே தீட்டுக்குள் இருந்தனர். ஈன்றதை அடுத்த காலத்துக்குப் பழந்தமிழில் புனிறு என்று தனிச்சொல்லே இருந்தது. தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் கூறுகிறது. ஈன்ற உயிரையும் ஈன்ற அணிமையையும் ஒன்றாகக் குறித்த அந்தச் சொல்லுக்கு இணையாக இன்றைய மருத்துவத் தமிழில் வழங்கும் சொல் எதுவும் இல்லை. தாய்க்கு ஒரு வார்டு, சேய்க்கு ஒரு வார்டு என்று பிரித்த துறைக்கு அப்படியொரு சொல் தேவைப்படவில்லை போலும்.

தைக்காட்டு மேசை யாருக்கு எட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். காணிக்காரர் குடியிருப்புகளும் தேயிலைத் தோட்டங்களும் உள்ள பொன்முடி, நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் அளவில் உயரம். இன்றைய சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். 1920-இல் அந்த மலையில் பிள்ளை குறுக்கே கிடந்து வலி கண்டவளுக்குத் தைக்காடு இருந்தும் இல்லாததே. எடை குறைந்து பிறந்த குழவிக்கோ, அந்தக் குளிரில் நம்பத்தக்க ஒரே வெப்பம் மனித உடல்தான். உடற்சூட்டைத் தவிர வேறு வழியில்லாத இடம் பின்தங்கிய இடம் என்றே அக்காலத்து மருத்துவம் கருதியிருக்கும். ஏனெனில் அந்த வேலைக்கு ஐரோப்பா ஏற்கெனவே கருவி செய்துவிட்டிருந்தது.

அக்கருவியின் பெயர் வேடிக்கையானது. பாரிஸ் மகப்பேற்று மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே உயிரியல் பூங்கா ஒன்றில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, அதைச் செய்த ஓடில் மார்ட்டினிடமே குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். 1880-இல் அது பாரிஸ் மகப்பேற்று மனையில் நிறுவப்பட்டது. பிரெஞ்சு மொழியில் அதற்குப் பெயர் கூவேஸ். அடைகாக்கும் கோழிக்கும் அதே சொல்தான். இன்குபேட்டர் என்பதன் இலத்தீன் வேரும் மேலே படுத்தல் என்ற பொருளுடையது. தாயுடலின் செயலைக் குறிக்கும் வினைச்சொல் அவ்வுடலுக்கு மாற்றாக வந்த பெட்டியின் பெயராயிற்று. டார்னியேயின் மாணவர் பியேர் புதான், குழந்தையிடமிருந்து விலக்கப்பட்ட தாய்மாருக்கு அக்குழந்தைமீது பற்றுக் குறைந்துபோகிறது என்று 1900-ஆம் ஆண்டளவிலேயே எழுதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனை பெட்டியை எடுத்துக்கொண்டது; எச்சரிக்கையை விட்டுவிட்டது. தொற்றைத் தடுக்கப் பிள்ளைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கிடத்தும் நர்சரி முறை உலகெங்கும் பரவிற்று.

திரும்புதல் இரு திசைகளிலிருந்து வந்தது. 1972-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மார்ஷல் கிளாஸும் ஜான் கென்னலும் 28 தாய்மாரை ஆராய்ந்து, முதல் நாள்களில் கூடுதலாகக் குழந்தையோடு இருந்தவர்களின் நடத்தை வேறுபட்டதாக எழுதினர். மாதிரி மிகச் சிறியது, முடிவு அளவுக்கு மீறியது என்ற பிற்காலக் கண்டனம் சரியானதே. ஆனால் நர்சரியின் கண்ணாடிச் சுவரை அசைத்தது அந்தச் சிறிய ஆய்வுதான். மற்றது வறுமையிலிருந்து வந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தித் தொற்றில் இழந்துகொண்டிருந்த மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா எடை குறைந்த குழவிகளைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவைக்கச் செய்தார். எக்டர் மார்ட்டினெஸ் அதைத் தொடர்ந்தார். கங்காரு தாய் பராமரிப்பு என்று இன்று தமிழகத்துச் செவிலியர் சொல்லும் முறை அதுவே.

இவ்விரண்டிலும் சிசேரியன் தாய் மையத்தில் இல்லை. காரணம் மயக்க மருந்து. தாய்க்குக் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் கொடுத்தால் அவள் நினைவிழப்பாள். மருந்து குழந்தைக்கும் சென்று அதன் மூச்சைத் தாழ்த்தும். ஒருத்தியை மயக்கம் தெளியும் வரை காக்க வேண்டும். மற்றதை மூச்சுவிடச் செய்ய வேண்டும். பிரிவு அப்போது மருத்துவத் தேவை. முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையை ஆகஸ்ட் பீர் 1898-இலேயே செய்துகாட்டியிருந்தாலும், சிசேரியனில் அது பொதுவழக்கானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதன்பின் நிலைமை அடியோடு மாறிற்று. தாய் விழித்திருக்கிறாள், அழுகுரலைக் கேட்கிறாள், அவள் மார்பு திரைக்கு இப்பால் இருக்கிறது. பிள்ளை முதல் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். கருப்பையையும் வயிற்றுச் சுவரையும் அடுக்கடுக்காகத் தைக்க அரை மணியோ முக்கால் மணியோ பிடிக்கும். அந்த நேரமே இப்போது கேள்வி. தியேட்டர் குளிரூட்டப்பட்டது, நனைந்த உடல் விரைவில் சூடிழக்கும். ஒரு கையில் டிரிப்ஸ், மறு கையில் இரத்த அழுத்தப் பட்டை, மார்பில் ஈசிஜி வில்லைகள். ஊசியின் விளைவாக நடுக்கமும் குமட்டலும் வரலாம். குழந்தையின் மூக்கும் நிறமும் கண்காணிக்கப்பட வேண்டும். மார்பில் கிடக்கும்போதே மூச்சு நின்றுபோவது அரிதாயினும் நடக்கக்கூடியது. எனவே இதற்கு வேண்டியது துடைத்த குழந்தைக்கு ஒரு குல்லாய், மேலே போர்த்த உலர்ந்த துணி, அவ்விடத்தைவிட்டு நகராத ஒரு செவிலி. முதல் இரண்டும் மலிவு. மூன்றாவதுதான் அரசு மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்காதது. தயக்கத்தைப் பழமைவாதம் என்று மட்டும் கூறுவோர் இந்த ஆள்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

மாற்றம் எவ்வாறு எழுத்தில் ஏறிற்று என்பது மொழி நோக்கில் சுவையானது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வெளியிட்ட பத்துப் படிகளில் நான்காவது, பிறந்த அரை மணிக்குள் தாய்ப்பாலூட்டத் தொடங்க உதவ வேண்டும் என்றது. 1991-இல் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் இவற்றின்மீது எழுந்தது. அதன் மதிப்பீட்டு விதியில் சிசேரியன் தாய்க்கு அரை மணி எண்ணப்பட்டது பிறந்த கணத்திலிருந்து அன்று, அவள் எதிர்வினை காட்டும் நிலைக்கு வந்ததிலிருந்து. ஒரே விதிக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டாவது கடிகாரம் பொது மயக்கத்தின் எச்சம். முதுகில் ஊசி போட்டுக்கொண்டு கண்விழித்துக் கிடந்தவளையும் அது மயங்கியவளாகவே கணக்கில் வைத்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பிரிகோடு இடம் மாறிற்று. இயல்பான பேறும் பொது மயக்கமின்றிச் செய்த சிசேரியனும் ஒரு பக்கம். பொது மயக்கத்தில் செய்த சிசேரியன் மட்டும் மறுபக்கம். முன்னவர்க்கு ஐந்து நிமிடத்துக்குள் தோலோடு தோல் சேர்த்து, ஒரு மணிநேரமேனும் பிரிக்காதிருக்க வேண்டும் என்றாயிற்று. 2018-ஆம் ஆண்டின் வடிவம் உடனடியான, இடையறாத தொடுகையை நான்காம் படியின் உள்ளேயே வைத்தது.

கேரளம் உலகின் முதல் குழந்தை நேய மாநிலமாக அறிவிக்கப்பட்டது 2002-இல். அதாவது பழைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில். அந்தப் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை; எதை அளந்து அது வழங்கப்பட்டது என்பதை அறியவே.

அதன்பின் எண்கள் எங்கே நிற்கின்றன? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) கேரளத்துப் பேறுகளில் 38.9 விழுக்காடு சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9, நாடு முழுமைக்கும் 21.5. மருத்துவமனைக்கு வெளியே நிகழும் பேறு கேரளத்தில் அநேகமாக இல்லை. பொன்முடியிலிருந்து இறங்கி வருபவளும் அறுவை மேசையை எட்டிவிடுகிறாள். பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் கேரளத்தில் 66.7 விழுக்காடு. அறுவையின்றிப் பெற்றவர் 61.1 விழுக்காடு மட்டுமே என்பதால், அவர்கள் அனைவரும் முதல் மணிக்குள் பாலூட்டியதாகவே கொண்டாலும், சிசேரியன் தாய்மாரில் ஏழில் ஒருவராவது அவ்வாறு செய்திருக்க வேண்டும். இரு எண்களும் வெவ்வேறு வயது வரம்புகளுக்கு எடுக்கப்பட்டவை. ஆதலால் இது தோராயக் கணக்கே. ஆயினும் அறுவை நடந்தால் முதல் மணி போய்விடும் என்ற வழக்கமான சமாதானம் கேரளத்திலேயே பொய்த்திருக்கிறது என்பதற்கு இது போதும். தாய்ப்பால் பெற்றதைக் கொண்டு மார்பில் கிடந்ததை முழுமையாக அளந்துவிட முடியாது என்பதும் உண்மை.

ஆய்வுலகின் கணக்கும் இதே திசையைக் காட்டுகிறது. தோலோடு தோல் சேர்த்தல் குறித்து 2016-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வில் இடம்பெற்ற சோதனைகள் 46. அவற்றுள் சிசேரியன் தாய்மார் பங்கேற்றவை 8. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழவிகளைப் பிறந்தவுடனே மார்பில் சேர்த்துத் தாயோடு ஒரே பிரிவில் வைத்தது. இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12.0-ஆகக் குறைந்ததால், தொடர்வது முறையன்று என்று அச்சோதனையே இடையில் நிறுத்தப்பட்டது. தாயால் இயலாத நேரத்தில் குடும்பத்திலிருந்து வேறொருவர் பிள்ளையைத் தம் மார்பில் தாங்குவதற்கும் அந்த ஆய்வின் நடைமுறை இடம் தந்தது. அறுவை முடிந்து தேறிவரும் தாய்க்குப் பதிலாகப் பாட்டியோ சிற்றன்னையோ அந்த வெப்பத்தைத் தரலாம். தாய்க்கும் சேய்க்கும் தனித்தனி வார்டு என்று கட்டப்பட்ட மருத்துவமனைகளில் இதற்காக இடித்துக் கட்ட வேண்டியிருப்பது சுவர்களையும்தான்.