கையொப்பமும் வெளியீட்டு விழாவும்: ஆசிரியரே நூல் விற்ற வரலாறு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழில் எழுதுவோருள் மிகப் பலர் தம் நூலுக்குத் தாமே பதிப்பாளர், தாமே விற்பனையாளர். அச்சுக்கூலியைத் தம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றனர்; சென்னையில் அச்சிட்டுக் கப்பலில் வருவிப்போரும் உளர். நூற்கட்டுகள் வீடு வந்து சேர்ந்த பிறகே, 'இவற்றை யாரிடம் கொண்டு சேர்ப்பது?' என்ற வினா எழுகிறது. இவ்வினா இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. அச்சுப்பொறி தமிழர் கைக்கு வந்த நாள்முதல் ஆசிரியர்கள் இதற்கு விடை தேடி வந்துள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றை, அவை நம் மொழியில் விட்டுச்சென்ற சொற்களின் துணைகொண்டு, இவ்வுரையில் காண முயல்வோம்.

அரங்கேற்றத்திலிருந்து கையொப்பத்துக்கு

ஓலைச்சுவடிக் காலத்துப் புலவர் நூலை விற்கவில்லை, அரங்கேற்றினார். அறிஞர் கூடிய அவையில் நூலைப் படித்துப் பொருள் கூறி, எழுப்பப்பட்ட தடைகளுக்கு விடை சொன்ன பின்னரே அது நூலெனக் கொள்ளப்பட்டது. பரிசில் புரவலரிடமிருந்து வந்தது. ஆக, நூலை மதிப்பிட்டவர் ஒருவர்; அதற்குப் பொருள் ஈந்தவர் மற்றொருவர். இருவரும் ஆசிரியருக்கு முகமறிந்தவர்களே.

1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் நீங்கின. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். எழுதுவோரும் பதிப்பிப்போரும் விற்போரும் ஒருவரேயாகும் நிலைக்கு அவர் தொடக்ககாலச் சான்று. அவர் தொடங்கிய பள்ளி அவர் எழுதிய பாடநூல்களுக்குப் படிப்போரை உருவாக்கியது. அச்சகம் அப்பள்ளிக்கு நூல்களைத் தந்தது. படிப்போரை உருவாக்கும் பணியையும் நூல் ஆக்கும் பணியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்பது கருதத்தக்கது.

எல்லாருக்கும் அச்சகம் வாய்க்கவில்லை. அச்சுத்தாளுக்கும் கூலிக்கும் முன்பணம் வேண்டும், புரவலர்களோ குறைந்துவந்தனர். அந்நிலையில் தோன்றிய வழியே 'கையொப்பம்'. நூல் அச்சாகுமுன் அதன் பொருளையும் விலையையும் குறித்து ஓர் அறிக்கை வெளியிடப்படும். வாங்க விரும்புவோர் தம் பெயரையும் ஊரையும் எழுதிக் கையொப்பமிடுவர். சிலர் முன்பணமும் தருவர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது இவ்வாறு கையொப்பம் சேர்த்தே. கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராய் இருந்துகொண்டு, ஏடு தேடுவதற்கு அலைந்ததைப் போலவே கையொப்பம் தேடியும் அவர் உழைத்தார். அதே ஆண்டில் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். தமிழ்ப் பெருநூல்கள் மறுபிறவி எடுத்த அக்காலத்தில், பாட ஆராய்ச்சியும் விற்பனைக் கவலையும் ஒரே மேசையில்தான் இருந்தன.

'கையொப்பம்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். இன்று அது பத்திரத்தில் இடும் பெயரையே குறிக்கிறது. அன்றோ அது 'இந்நூல் வரட்டும். நான் வாங்கிப் படிப்பேன்' என்னும் வாக்குறுதி. கையொப்பமிட்டோர் அனைவரும் சொன்னபடி பணம் தந்தனர் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் எந்த ஊரில் யார் படிக்க விரும்புகிறார் என்ற பட்டியல் ஒன்று ஆசிரியரிடம் இருந்தது.

கடல் கடந்த இந்நிலத்திலும் அக்காலத்தில் தமிழ் அச்சு வேரூன்றியது. 'முனாஜாத்துத் திரட்டு' 1872இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி'யும் அவ்வாண்டினதே. குடியேறி வந்த சிறு சமூகம் ஒன்று தனக்கென நூலும் இதழும் வேண்டுமென எண்ணிய காலம் அது.

முகமறியாத வாசகரை நோக்கி

கையொப்பத்துக்கு எல்லை உண்டு. ஆசிரியரோ அவர் நண்பரோ செல்லக்கூடிய ஊர்வரைதான் அது செல்லும். அவ்வெல்லையை மூன்று வழிகள் கடந்தன.

முதலாவது தெரு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சான மெல்லிய பாட்டுப் புத்தகங்களைச் சந்தையிலும் திருவிழாவிலும் இரயிலிலும் பாடிக் காட்டி விற்றனர். கொலை, வெள்ளம், விபத்து என அன்றாடச் செய்திகளே அவற்றின் பொருள். புலவர் உலகம் இவற்றை மதிக்கவில்லை. எனினும், கேட்ட பின் வாங்கும் உரிமையை வாசகருக்கு அளித்தவை இவையே என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது அஞ்சல். 1877இல் பிரித்தானிய இந்தியாவில் வி.பி.பி. முறை வந்தது. நூற்கட்டு வீட்டுவாயிலுக்கு வரும். பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். கடையில்லாச் சிற்றூரும் நூல் வாங்கும் இடமாயிற்று. பழைய நூல்களின் அட்டைகளில் காணும் 'தபால் கூலி வேறு' என்ற தொடர் அம்மாற்றத்தின் சுவடு.

மூன்றாவது இதழ். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, தம் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய அவர், வெளியீட்டுக்காகப் பிறர் வாயிலில் நிற்கவில்லை. இதழின் சந்தாதாரரே அவர் நூலின் வாசகர். அடுத்த நூலை யார் படிப்பர் என்பது எழுதும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வழிகளுக்கு இடையே பாரதியாரின் முயற்சி தனித்து நிற்கிறது. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியிருந்தார். ஆதலின் தம் எழுத்து எத்துணைத் தொலைவு செல்லும் என்பதைப் பாரதியார் அறிந்திருந்தார். 1920இல் தம் படைப்புகள் அனைத்தையும் 40 தொகுதிகளாக, தொகுதிக்கு 10,000 படிகள் வீதம் வெளியிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனுதவி கோரிச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் எளிதில் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. திட்டம் நிறைவேறவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தம் நூல்களுக்கான தேவையை அவர் பிழையாகக் கணிக்கவில்லை. பின்வந்த காலம் அதை மெய்ப்பித்தது. அவருக்குக் கிட்டாதவை முதலும், வாசகரைச் சென்றடையும் அமைப்பும்.

நம் நிலத்தில்

மலாயாவில் 'தமிழ் நேசன்' 1924இலும், கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1935இலும் தோன்றின. சிறுகதையும் கவிதையும் இவ்விதழ்களின் வழியே தோட்டத்து வரிசை வீடுகள்வரை சென்றன. ஓர் இதழைப் பலர் படிக்க, படிக்கத் தெரியாதோர் அருகிருந்து கேட்டனர். வாசகர் பெருகினர், ஆனால் நூல் வெளியிடும் நிறுவனங்கள் அதே அளவில் பெருகவில்லை. அக்குறையை எழுத்தாளர் அமைப்புகளும் வெளியீட்டு விழாக்களும் நிரப்பின.

வெளியீட்டு விழாவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்விழா இல்லையேல் இந்நாட்டில் அச்சேறியிராத நூல்கள் பல. பிரமுகர் ஒருவர் முதற்படியைப் பெறுகிறார். அன்பர்கள் வரிசையாய் மேடையேறி உறையை நீட்டி நூலைப் பெறுகின்றனர். ஒரே மாலையில் அச்சுக்கூலி திரும்பிவிடுகிறது. இங்கு வழங்கும் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். எவரும் நூலை 'வாங்கினார்' என்று அறிவிப்பாளர் சொல்வதில்லை, 'பெற்றுக்கொண்டார்' என்கிறார். கொடுத்த பணத்துக்கும் 'விலை' என்ற பெயரில்லை, அது 'அன்பளிப்பு'. திருமண மொய்க்கும் இதற்கும் உள்ள உறவை மொழியே காட்டிக்கொடுக்கிறது. பணம் நூலுக்காக அன்று, ஆசிரியர் மீதுள்ள மரியாதைக்காகத் தரப்படுகிறது.

மரியாதைக்கு ஒரு முறைதான் மொய் எழுத முடியும். இரண்டாம் நூலுக்கும் மூன்றாம் நூலுக்கும் அதே அன்பர்களை அழைக்க ஆசிரியர் கூசுகிறார். விழாவுக்கு வாராத வாசகரோ நூல் வந்ததையே அறியார். மேடையில் கைமாறிய படிகளுள் எத்தனை திறக்கப்பட்டன என்பதும் ஆசிரியருக்குத் தெரிவதில்லை. அரங்கேற்றத்தில் நூலைக் கேட்ட பின் பாராட்டினர். வெளியீட்டு விழாவில் பெரும்பாலும் படிக்குமுன் பாராட்டுகின்றோம். கையொப்பம் நூலுக்கு முன்வந்த வாசகரின் வாக்குறுதி. அன்பளிப்பு உறை நூலுக்குப் பின்வந்த நண்பரின் உதவி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இன்றைய ஆசிரியரின் இடர்.

வரலாறு காட்டும் வழி அரிதன்று. அச்சுக்கு அனுப்புமுன் நூலின் ஓர் இயலையேனும் வாசகர் வட்டத்தில் படித்துக் காட்டலாம்; அது அரங்கேற்றத்தின் மறுவடிவம். முன்பதிவு செய்வோரின் பெயரையும் முகவரியையும் ஏட்டில் குறித்து வைக்கலாம், அது கையொப்பம். தேவைக்கேற்ப 50 படி, 100 படி என அச்சிடும் வசதி இன்று உண்டு. ஆயிரம் படியை அச்சிட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனியொருவரால் இயலாததைப் பத்து ஆசிரியர் கூடிப் பொதுப் பட்டியலாக வெளியிட்டால், ஒருவரின் வாசகர் மற்றவருக்கும் வாசகராவர்.

இத்தனைக்கும் மேலாக, விழா முடிந்து மூன்று திங்கள் கழித்து அதே மண்டபத்தில், நூலைப் படித்தோர் மட்டும் கூடிப் பேசும் ஒரு மாலை வேண்டும். அங்கே பொன்னாடை தேவையில்லை. தடை எழுப்புவோரும் விடை சொல்லும் ஆசிரியரும் போதும். அன்று வருவோர் பன்னிருவராயினும், அடுத்த நூலுக்கான கையொப்பப் பட்டியல் அவர்களிடமிருந்தே தொடங்கும்.