டிக்கோயா பங்களாத் தளபாடம்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஹட்டனை அடுத்துள்ள டிக்கோயாவின் தேயிலைத் தோட்டப் பங்களாக்களில் புழங்கிய மரத்தளபாடங்களையும், அந்தப் பழைய பாணியில் இன்றும் வீட்டுப் பட்டறைகளில் கைவேலையாகச் செய்யப்படுபவற்றையும் இப்பெயர் குறிக்கும். சாய்மனைக் கதிரை, பிரம்பு பின்னிய இருக்கை, பித்தளைக் கட்டுப் பெட்டகம், கடைசல் கால் கட்டில், அலுமாரி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. பொதுவாக இவற்றை ஆங்கிலேயர் பாணி என்பார்கள். அது பாதி உண்மைதான். மாதிரிப் படம் கப்பலில் வந்திருக்கலாம்; உளி பிடித்த கைகள் சோழமண்டலக் கரையிலும் காலியிலும் மொறட்டுவையிலும் இருந்தன. உட்கார்ந்தவர்களின் பெயர்கள் தோட்டப் பதிவேடுகளில் உள்ளன, செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஆகவே இந்தத் தளபாடத்தின் வரலாற்றைத் தச்சர்களின் ஊர்களைத் தொட்டுச் சொல்வதே நியாயம்.

கரையோரத்துத் தொடக்கம்

1815 வரை டிக்கோயா கண்டி இராச்சியத்துக்குள் அடங்கிய அடர்காடு. கண்டி அரசனிடம் நீண்ட காலம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், அந்த இராச்சியத்து வீடுகளில் சட்டிபானைகளையும் ஓரிரு முக்காலிகளையும் தவிரப் பெரிதாக ஏதும் இல்லை என்றும், முதுகுச் சாய்வுள்ள ஆசனத்தில் அமரும் உரிமை அரசனுக்கு மட்டுமே உண்டு என்றும் குறிப்பிடுகிறார். சாய்ந்து உட்காருவது அந்த மண்ணில் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து அதே மலைகளில் தோட்டத் துரைமார் சாய்மனைக் கதிரைகளில் கால் நீட்டியிருக்க, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் எதிரே நின்றபடி கணக்கு ஒப்புவித்தார்கள். ஆளும் கூட்டம் மாறியதே ஒழிய, ஆசனத்தின் பொருள் மாறவில்லை.

கரையோரத்தின் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலி மரத்தில் பூவும் கொடியும் புடைப்பாகச் செதுக்கி, முறுக்குக் கால்கள் வைத்து ஐரோப்பியருக்கு நாற்காலிகள் செய்தார்கள். இவற்றுள் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அத்தகைய நாற்காலிகளைக் கண்டு, அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலப் பொருள்கள் என்று நம்பி, ஸ்ட்ரோபெரி ஹில் என்னும் தம் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். அவரைப் பார்த்துப் பலரும் அப்படியே நம்பினார்கள். தமிழும் தெலுங்கும் பேசிய ஒரு கரையின் கைவேலை வேறொரு நாட்டின் பழம்பெருமையாக எண்ணப்பட்டது. கைவினைஞரின் பெயரைப் பதிந்து வைக்காத வழக்கம் இப்படிப்பட்ட தவறுகளுக்கும் இடம் தருகிறது.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில், அதாவது 1640இல் காலி வீழ்ந்தது முதல் 1796 வரை, இதே மரபு தனி உருவம் பெற்றது. கருங்காலியோடு முதிரை, நெதுன், கலமந்தர் ஆகிய உள்ளூர் மரங்களும் பயன்பட்டன. வட்ட இருக்கையும் அரைவட்ட முதுகும் கொண்ட 'பர்கோமாஸ்டர்' நாற்காலி, பித்தளைத் தகடு அடித்த பெட்டகம் ஆகியவை அக்காலத்தின் முத்திரைகள். கொழும்பு நூதனசாலையின் இயக்குநராக இருந்த ஜோசப் பியர்சன் இத்தகைய நாற்காலிகளைக் காலவாரியாக வகைப்படுத்தி ஆராய்ந்தார். ஆர். எல். புரோகியர் 1969இல் ஒல்லாந்தர் காலத் தளபாடம் பற்றித் தனி நூலே எழுதினார். கொழும்பு புறக்கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலையில் இவற்றை இன்றும் நேரில் பார்க்கலாம். பழைய பாணியில் செய்ய விரும்புகிறவர் புகைப்படத்தை நம்புவதைவிட அங்கே போய், கால் எங்கே தடிக்கிறது, கை எங்கே மெலிகிறது என்று கண்ணால் அளந்து வருவது நல்லது.

மொறட்டுவையிலிருந்து மலைக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் காலித் தச்சர்கள் கருங்காலிச் செதுக்குவேலைக்கும் பலவண்ண மரப் பதிப்பு வேலைக்கும் பேர் பெற்றார்கள். 19ஆம் நூற்றாண்டு செல்லச் செல்ல மொறட்டுவை முன்னுக்கு வந்தது. அங்கே பெருந்தொழிற்சாலை தேவைப்படவில்லை. வீட்டுக்குப் பின்னே ஒரு கொட்டில், இரண்டு வேலைமேசை, தகப்பனோடு மகன்மார் என்று பட்டறை வீட்டோடு வீடாகவே வளர்ந்தது. கொழும்புக் கடைக்காரர்கள் அந்தத் தொழிலைச் சந்தையோடு இணைத்தார்கள். 1860இல் தொடங்கப்பட்ட டொன் கரோலிஸ் நிறுவனம் அத்தகைய கடைகளுள் புகழ்பெற்றது. அதை நிறுவிய டொன் கரோலிஸ் ஹேவாவிதாரண, பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலவின் தந்தை.

டிக்கோயாவில் காடு வெட்டிக் கோப்பி நடுவது 1860களில் மும்முரமானது. 1869இல் இலங்கையில் முதலில் தென்பட்ட இலைத்துரு நோய் காலப்போக்கில் கோப்பியை வீழ்த்த, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக் காலத்துக் குடில்களில் நல்ல தளபாடத்துக்கு இடமும் இல்லை, கொண்டுவர வழியும் இல்லை. நாவலப்பிட்டிவரை 1874இலும் ஹட்டன்வரை 1884இலும் ரயில் வந்தபிறகே கொழும்பில் ஏற்றிய அலுமாரி முழுதாக மலையேறியது. டிக்கோயாவின் வோலி தேவாலயம் 1878இலும் தியன்சின் பங்களா 1888இலும் எழுந்தன. ஓடு வேய்ந்த கூரை, அகன்ற விறாந்தை, கணப்படுப்புள்ள பெரிய கூடம் என்ற பங்களா அமைப்பு நிலைபெற்றதும், அதை நிரப்பத் தளபாடமும் வரிசையாக வந்தது.

ஏறத்தாழ 4,000 அடி உயரத்துக் குளிர் ஒரு சுவையான பிரிவினையை உண்டாக்கியது. பிரம்பு இருக்கை வெப்பநாட்டுக்கு உரியது, முதுகில் காற்றுப் படவேண்டும் என்பதற்காகவே அது வந்தது. டிக்கோயாவின் மாரிக்கால இரவில் அது உதவாது. அதனால் கூடத்தில் கணப்படுப்பைச் சுற்றி மெத்தை தைத்த ஆங்கில நாற்காலிகளும், விறாந்தையில் பிரம்புச் சாய்மனைகளும் இடம்பிடித்தன.

சாய்மனைக் கதிரையின் கட்டுமானம்

எல்லாத் தளபாடங்களிலும் தச்சரின் திறமையை வெளிப்படையாகக் காட்டுவது சாய்மனைக் கதிரைதான். இருக்கையும் முதுகும் ஒரே தொடர் வளைவாக இறங்குகின்றன. கைகள் இருக்கைக்கு வெகுதூரம் முன்னால் நீள்கின்றன. சிலவற்றில் நீட்டுக்கட்டை கையின் அடியில் மடிந்திருந்து, ஓர் ஆணியைச் சுற்றி முன்னே திரும்பும். அந்த நீட்டலின்மேல் காலைப் போட்டுக்கொள்வது வழக்கம்.

வளைந்த பக்கச் சட்டத்தை அகன்ற பலகையிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும். வளைவின் ஓரிடத்தில் மரநார் குறுக்கே ஓடி, அங்கேதான் கதிரை முறியும். அனுபவமுள்ளவர் பலகையைத் தெரிவுசெய்யும்போதே நாரின் ஓட்டம் வளைவோடு கூடியவரை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். கால்களும் சட்டங்களும் சேருமிடத்தில் ஒன்றில் துளை, மற்றதில் அதற்கு இறுக்கமான கழுந்து. பழைய வேலையில் இந்தப் பொருத்தைப் பசையோடு மரமுளையும் தாங்கியது. இரும்பாணி அடித்தால் ஈரக்காற்றில் துருப்பிடித்து மரத்தைக் கறுக்கச் செய்யும்.

பிறகு பிரம்பு. சட்டத்தின் உள்விளிம்பில் ஏறத்தாழ அரை அங்குலத்துக்கு ஒரு துளை. ஊறவைத்த பிரம்பு நாரை மேலிருந்து கீழாக இருமுறை, குறுக்காக இருமுறை, மூலைவிட்டமாக இரு திசையிலும் ஒவ்வொரு முறை என்று ஆறு ஓட்டம் ஓட்டினால் எண்கோணக் கண்கள் தெளிந்து வரும். ஈரமாக இருக்கையில் இழுத்துக் கட்டிய நார் காய்ந்தபின் பறைத்தோல் போல விறைக்கும். மெருகுக்கு அரக்கை மதுசாரத்தில் கரைத்து, துணிப்பொதியால் வட்டம் வட்டமாகப் பல பூச்சுகள் தேய்ப்பார்கள். இது 19ஆம் நூற்றாண்டில் பரவிய முறை. ஒல்லாந்தர் கால மாதிரியைச் செய்கிறவர் எண்ணெய் அல்லது மெழுகுப் பூச்சோடு நிறுத்திக்கொள்வதே காலத்துக்குப் பொருந்தும்.

தோட்டத்துப் பட்டறையும் லயமும்

உடைந்த காலை மாற்றவும் ஜன்னல் சட்டம் போடவும் தோட்டங்களில் தச்சுவேலை தெரிந்த 'பாஸ்' இருந்தார். பங்களாவின் கதிரையைப் பிரித்துப் பழுது பார்த்தவர் அதன் உள்மர்மத்தை அறிந்தார். பார்த்துச் செய்த படிகள் இப்படித்தான் பெருகின. பங்களாவுக்குக் கீழே, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தப் படிகளை வைக்க இடமில்லை. தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் தட்டிக்கொண்ட தட்டும் பெட்டியுமே அங்கே தளபாடம். எந்த நூதனசாலையிலும் இடம்பெறாத அந்தப் பெட்டிப்பலகை வேலையும் டிக்கோயாவின் தச்சு வரலாற்றில் சேர்ந்ததே. அழகுக்கு மாதிரி தேடாமல், கிடைத்ததைக் கொண்டு வாழ்வை ஒழுங்குசெய்த கைவேலை அது.

1972இன் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் பங்களா வாழ்க்கையை மாற்றின. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. 2005இல் தியன்சின் முதலிய பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகத் திறந்தபோது, பழைய பாணித் தளபாடம் மறுபடி விலைமதிப்புப் பெற்றது.

இன்றைய மரமும் வேலையும்

கலமந்தர் இலங்கைக்கே உரிய மரம், இன்று அருகிவிட்டது. அதைத் தேடிப் பழைய மாதிரியைச் செய்ய நினைப்பது தவறு. பலாமரத்தில் செய்யலாம். அதன் மஞ்சள் நிறம் வெயில்பட்டுப் பொன்பழுப்பாக முதிர்கையில் பழைய சாமானின் தோற்றம் தானாக வரும். ஆனால் 1951இன் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சொந்த வளவில் நின்றாலும் பலாவை வெட்ட அனுமதி வேண்டும். மலையகத்தில் கைக்கு எட்டுவது நிழலுக்காகத் தேயிலைக்கு நடுவே நட்ட சவுக்கு, அதாவது கிரெவிலியா. அதை மையத்தை நோக்கிக் கதிர்வாக்கில் அறுத்தால் ஓக் மரத்தை ஒத்த மின்னும் கோடுகள் தெரியும். அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும் என்பதால் முகத்தையும் கையையும் மூடிக்கொள்ள வேண்டும்.

டிக்கோயாவில் தை, மாசி உலர்ந்திருக்கும். வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நிற்கும். அகன்ற பலகை குறுக்குவாக்கில் அதற்கேற்ப விரிந்து சுருங்கும். எனவே அலுமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் செருகிவிடுவார்கள். மாசியில் செய்தால் காடியில் பலகை விரிய இடம் விட வேண்டும், ஆடியில் செய்தால் பலகை சுருங்கினாலும் காடியை விட்டு வெளியேறாதபடி அகலம் கூட்டி வெட்ட வேண்டும்.